அந்த 500 ரூவா

ரெண்டு வாரமா எங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பேச்சுதான். வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க எல்லாரும் சேந்து பேசி வச்சுக்கிட்டு மாசம் 500 ரூவா ஏத்திக் கேட்டுட்டாங்களாம். வேளச்சேரில 96 வீடு இருக்கற அப்பார்ட்மென்ட், நாங்க மூணாவது மாடில வாடகைக்கு இருக்கோம். எனக்குத் தெரிஞ்சு தண்ணி லாரி வராதப்பகூட இந்த குரூப்ல இவ்ளோ மெசேஜ் வந்ததில்ல. "ரொம்ப இடம் குடுத்துட்டோம்"னு ஒருத்தர், "யூனியன் மாதிரி ஆரம்பிச்சுட்டாங்க, முளையிலயே கிள்ளணும்"னு இன்னொருத்தர், பி பிளாக் சார் ஒருத்தர் எக்செல் ஷீட்டே போட்டுட்டார், பாத்திரத்துக்கு இவ்ளோ, பெருக்கித் துடைக்க இவ்ளோ, துணி மடிக்க இவ்ளோன்னு, இதுக்கு மேல ஒரு ரூவா யாரும் குடுக்கக் கூடாது, ஒருத்தர் குடுத்தா மத்தவங்களுக்கும் கஷ்டம், நாம ஒத்துமையா இருக்கணும்னு அடியில ஒரு குறிப்பு வேற. அதுக்கு நாப்பது பேர் கை தூக்கி லைக் போட்டிருந்தாங்க.

அன்னிக்கு நைட் அம்மா என் பையனுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கிட்டு இருந்தாங்க, நான் போனையே பாத்துக்கிட்டு இருந்ததுல என்னடி அப்படி முறைச்சுப் பாக்கறேன்னு கேட்டாங்க, படிச்சுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு "500 தானே கேட்டாங்க?"ன்னாங்க. அப்புறம் ஒண்ணும் பேசல, பையன் வாயைத் தொடச்சுவிட்டுட்டு தட்டைக் கொண்டுபோய் கழுவப் போயிட்டாங்க.

எங்க அம்மா 28 வருஷம் வீட்டு வேலை செஞ்சவங்க. இந்த குரூப்ல இருக்கற யாருக்கும் அது தெரியாது, நானும் சொன்னதில்ல. மறைக்கணும்னு நெனைக்கல, ஆனா சொல்ற மாதிரி ஒரு பேச்சு வந்ததும் இல்ல, லிஃப்ட்ல பாத்தா குட் மார்னிங், தீபாவளிக்கு ஸ்வீட் டப்பா, அவ்ளோதான பழக்கம். இப்ப வந்துடுச்சு, அதான் எழுதறேன்.

நான் பொறந்தது சைதாப்பேட்டைப் பக்கம் அடையாத்துக் கரைல. ஓலைக் கொட்டா, அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் போட்டோம். அழகான எடம்னு பொய் சொல்ல மாட்டேன், மழை பெஞ்சா தண்ணி உள்ள வரும், கொசு, சாக்கடை, பொம்பளைங்களுக்கு கக்கூஸ் கஷ்டம். ஆனா அம்மா கோட்டூர்புரத்துல நாலு வீடு பாத்தாங்க, கிட்டத்துலயே, நடந்தே போயிடுவாங்க. காலைல ஆறு மணிக்குக் கெளம்பி ரெண்டு வீடு முடிச்சுட்டு ஒம்பது மணிக்குள்ள வந்து எங்களுக்குச் சோறு ஆக்கி ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, மறுபடியும் போய் மத்த ரெண்டு வீடு. இடையில தம்பிக்குக் காய்ச்சல்னு யாராவது வந்து சொன்னா ஓடி வந்துடுவாங்க. அப்பா பெயிண்டர். காலைல ஏழு மணிக்கு சைதாப்பேட்டை ரோட்டோரம் போய் நின்னா மேஸ்திரி யாராவது வந்து கூட்டிட்டுப் போவார், பெரியாட்களும் சித்தாட்களுமா அம்பது அறுவது பேர் நிப்பாங்க, எட்டு மணிக்கு மேல அங்க ஆள் எடுக்க யாரும் வர மாட்டாங்க. இந்த எட்டு மணிங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

2002ல, நான் நாலாவது படிக்கறப்ப, அரைப் பரீட்சைக்கு முன்னாடி ஆத்தங்கரையைக் காலி பண்ணி எங்களைத் தூக்கினாங்க. லாரில பீரோ, அண்டா, கட்டில், ஆயா எல்லாத்தையும் ஏத்தி கண்ணகி நகர்ல கொண்டுபோய் எறக்கினாங்க. ஆயான்னா எங்க பாட்டி, லாரி பின்பக்கம் அரிசி மூட்டை மேல ஒக்காந்து வந்தாங்க, மடியில கோழியைக் கட்டி வச்சுக்கிட்டு. எறங்கினதும் அவங்க கேட்ட மொதல் கேள்வி, "இங்கேர்ந்து சைதாப்பேட்டைக்கு எப்படிப் போறது?"

கண்ணகி நகர் அப்பதான் ரெண்டு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தாங்க. இப்ப அங்க 15,000 வீட்டுக்கு மேல இருக்கு, பக்கத்துல செம்மஞ்சேரில 6,000 வீட்டுக்கு மேல, பெரும்பாக்கத்துல எட்டு மாடி எட்டு மாடியா சுமார் 20,000 வீடு. எல்லாம் சேத்தா ஒரு ஜில்லா தலைநகர் அளவுக்கு ஜனம், எல்லாருமே சென்னைக்குள்ள வேலை செஞ்சு பொழைச்சவங்க, எல்லாரையும் ஊருக்கு வெளிய ஒரே மூலைல கொண்டுபோய் வச்சாச்சு. எங்களுக்குக் குடுத்த வீடு 195 சதுர அடி. நான் இப்ப இருக்கற வீட்டு ஹால் அதைவிடப் பெருசு. அதுல ஆறு பேர்.

ஆயா ஒண்ணு சொல்லுவாங்க, குடிசை மாத்து வாரியம் வந்த புதுசுல இப்படி இல்லன்னு. வாரியம் ஆரம்பிச்சது 1970ல, "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்"னு அண்ணா சொன்னதைத்தான் வாக்கியமா வச்சாங்க. அப்பல்லாம் குடிசையைப் பிரிச்சா அதே எடத்துலயே மாடி வீடு கட்டிக் குடுத்தாங்க, நொச்சிக்குப்பம் அந்த மாதிரி வந்ததுதான். கடல்ல போறவங்க கடல் பக்கத்துலயே இருந்தாங்க. எப்ப சென்னைக்குள்ள நெலத்துக்கு விலை ஏற ஆரம்பிச்சுதோ அப்பதான் அதே எடம்ங்கற பேச்சு போய் வெளிய கொண்டுபோய் விடறதுங்கற பழக்கம் வந்துச்சு. 2021ல வாரியத்துக்குப் பேர்கூட மாத்திட்டாங்க, இப்ப நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பேர் மாறின அதே வருஷம் அரும்பாக்கத்துல கூவம் கரைல இருந்தவங்களைத் தூக்கினாங்க. அடுத்த வருஷம், 2022 மே மாசம், ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகர்ல வீடு இடிக்கறப்ப ஒரு பெரியவர் ஒடம்புல தீ வச்சுக்கிட்டு செத்தே போயிட்டார். அந்த வீடியோவை அம்மா ஒரு தடவை பாத்துட்டு டிவியை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க.

ஆத்தை அடைச்சுக்கிட்டு இருந்தாங்க, வெள்ளம் வந்தா அவங்களுக்கே ஆபத்து, அதான் மாத்தறோம்னு காரணம் சொல்லுவாங்க. அப்படியே வச்சுக்குவோம். ஆனா மீனம்பாக்கம் ஏர்போர்ட்டோட ரெண்டாவது ரன்வே அடையாத்துக்கு மேலயே பாலம் கட்டிப் போகுதே. நான் இப்ப இருக்கற வேளச்சேரியும் ஒரு காலத்துல ஏரி இருந்த எடம்தான, ஏரி சுருங்கிப் போய் அப்பார்ட்மென்ட்டா நிக்குது, 2015 டிசம்பர்ல தரைத்தளம் முங்கி போட்ல ஆளுங்களை மீட்டாங்களே, வேளச்சேரி அப்பார்ட்மென்ட்காரங்க யாரையாவது உங்களுக்கு ஆபத்துன்னு சொல்லி லாரில ஏத்தினாங்களா? அந்த வெள்ளத்துக்கு அப்புறம் அடையாத்துக் கரைல மிச்சம் இருந்த குடிசைக்காரங்களைத்தான் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்க. பெரும்பாக்கம் எங்க இருக்கு, பள்ளிக்கரணை சதுப்பு நெலத்தை ஒட்டி. வெள்ளத்துல இருந்து காப்பாத்தறோம்னு கூட்டிட்டுப் போய் விட்ட எடத்துல 2023 மிக்ஜாம் புயலப்ப தண்ணி சூழ்ந்துக்கிச்சு, செம்மஞ்சேரியும் பெரிய மழைன்னா முங்கும். பணம் இருக்கறவன் தண்ணி எடத்துல கட்டினா அது ரியல் எஸ்டேட், இல்லாதவன் கட்டினா ஆக்கிரமிப்பு, இதுக்கு மேல எனக்கு வேற வார்த்தை தெரியல.

சரி, அந்த எட்டு மணிக்கு வர்றேன்.

கண்ணகி நகர் போன மொத வாரம் அப்பா காலைல அஞ்சரைக்கே கெளம்பினார். பஸ் வரல. வந்த பஸ்ல ஏற முடியல. எல்லாருமே அதே நேரத்துக்கு அதே பக்கம் போகணும், அத்தனை ஆயிரம் குடும்பத்துக்கும் விரல் விட்டு எண்ணற அளவு பஸ்தான். அவர் சைதாப்பேட்டைல எறங்கறப்ப எட்டேகால். மேஸ்திரிங்க போயிட்டாங்க. மறுநாளும் அப்படியே. நாலு நாள் சும்மா திரும்பி வந்தார், போக வர டிக்கெட் காசும் போச்சு. ஒரு மாசத்துக்கு அப்புறம் பிரஷ்ஷு டப்பாவையெல்லாம் பரண்ல போட்டுட்டு ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா சேந்தார், 12 மணி நேர டூட்டி. என் அப்பா கைல கலர் மிக்ஸ் பண்ற வித்தை இருந்துச்சு, ஒரு செவுத்துல பழைய பெயிண்ட்டைக் காட்டினா அதே ஷேடைக் கண்ணாலயே பாத்து வாளில கலந்து கொண்டு வருவார். அந்த வித்தை எட்டு மணி பஸ்ஸுக்குள்ள போயிடுச்சு. 2016ல அவர் போற வரைக்கும் திரும்ப பிரஷ்ஷைத் தொடல.

அம்மா மட்டும் விடல. கோட்டூர்புரத்து வீடுகளை விட்டுட்டா புதுசா யார் குடுப்பாங்க, கண்ணகி நகர்னு சொன்னாலே கேட்டைச் சாத்தறாங்க. அதனால காலைல மூணே முக்காலுக்கு எழுந்திரிப்பாங்க. கீழ குழாய்ல தண்ணி வர்ற நேரம் அது, எட்டு கொடம் புடிச்சு மூணு மாடி தூக்கிட்டு வந்து வச்சுட்டு, சோறு வடிச்சு, ஒரு கொழம்பு, எங்க டிபன் டப்பாவைக் கட்டி வச்சுட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஓடுவாங்க. சாயந்திரம் வந்து சேர ஏழு ஆயிடும். பத்து வயசுல நான்தான் தம்பியையும் தங்கச்சியையும் எழுப்பி, குளிப்பாட்டி, தலை வாரி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவேன். ஞாயித்துக்கெழமை தவிர அம்மா முகத்தைப் பகல் வெளிச்சத்துல நாங்க பாத்தது கம்மி.

நான் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாத்தேன், ஆபீஸ்ல பேரோல், அதாவது சம்பளக் கணக்கு வேலை பாக்கறவ, மணிக்கணக்கு எனக்குப் பழக்கம். நின்ன நேரம், மாறின பஸ், நடந்தது எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 4 மணி நேரம். மாசத்துக்கு 26 நாள்னா 104 மணி நேரம். வருஷத்துக்கு 1,248. அதாவது ராப்பகலா 52 நாள். 2002ல இருந்து 2020 வரைக்கும் 18 வருஷம் போனாங்க, கூட்டினா 936 நாள். ரெண்டரை வருஷத்துக்கு மேல எங்க அம்மா பஸ்லயும் பஸ் ஸ்டாப்லயும் நின்னிருக்காங்க. அந்த ரெண்டரை வருஷத்தை எடுத்தது யாரு, எந்த நோட்டீஸ்லயும் அது இல்ல, எந்த நஷ்ட ஈட்டுக் கணக்குலயும் வரல. 2018ல தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் கொறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 37 ரூவான்னு அறிவிச்சாங்க, அந்த ரேட்டுக்கே போட்டாலும் வருஷத்துக்கு 46,000 ரூவாய்க்கு மேல வரும். அம்மாவுக்கு அந்த 37 ரூவாயும் வேலை செஞ்ச நேரத்துக்கே வந்ததில்ல, அப்படி ஒரு அறிவிப்பு வந்தது அவங்களுக்கும் தெரியாது, அவங்க வேலை செஞ்ச நாலு வீட்டுக்கும் தெரியாது. 2007லயே வீட்டுப் பணியாளர்களுக்குன்னு நல வாரியம் போட்டாங்க, அதுல பதிஞ்சா பென்ஷன், புள்ளைங்க படிப்புக்கு உதவின்னு இருக்கு. பதியறதுக்கு ஒரு நாள் லீவு போட்டு அலையணும், லீவு போட்டா ஒரு வீட்ல சம்பளம் கட், அதனால அம்மா பதியவே இல்ல.

1985ல பம்பாய் நடைபாதைவாசிங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, பொழைப்புக்கான உரிமையும் உயிர் வாழற உரிமைக்குள்ளதான் வருதுன்னு, அந்த எடத்தை விட்டு எடுத்தா அவங்க பொழைப்பு போகும்னும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா நடைபாதையைக் காலி பண்ண வைக்கலாம், நோட்டீஸ் குடுத்துட்டு செய்யுங்கன்னு முடிச்சுட்டாங்க. நாப்பது வருஷமா அந்த ரெண்டாவது பாதிதான் நடக்குது.

அம்மா வேலை செஞ்ச வீட்டுக்காரங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல. அதுல ஒரு ஆன்ட்டி நான் பிளஸ் டூ முடிச்சப்ப காலேஜ் பீஸ் 6,000 ரூவா கட்டினாங்க, நன்றி மறக்க மாட்டேன். ஆனா அதே ஆன்ட்டி அஞ்சு வருஷமா அம்மா சம்பளத்துல நூறு ரூவா ஏத்தல. அம்மா அதைக் கேக்கவும் இல்ல, பீஸ் கட்டினவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு வாயைத் தொறக்கல. நான் இப்ப யோசிச்சுப் பாத்தா அந்த அஞ்சு வருஷத்துல ஏத்தியிருக்க வேண்டிய காசே என் பீஸைவிட ஜாஸ்தி வரும். கூலியா குடுத்திருந்தா அம்மா தலை நிமிந்து வாங்கியிருப்பாங்க, தானமா குடுத்ததால நானும் அம்மாவும் அந்த வீட்டு வாசல்ல கும்பிட்டுட்டு நின்னோம். பண்டிகைக்குப் பழைய புடவை குடுப்பாங்க, மீந்த சாம்பார் கட்டிக் குடுப்பாங்க, அம்மா காபி குடிக்கற டம்ளர் மட்டும் தனியா யுட்டிலிட்டி ஜன்னல் கம்பில மாட்டியிருக்கும். அந்த டம்ளரை நான் பாத்தேன். லீவு நாள்ல அம்மா கூட போனப்ப எனக்கும் காபி குடுத்தாங்க, டம்ளர் ஒண்ணுதான் இருந்துச்சு, அம்மா முதல்ல எனக்குக் குடுத்து நான் குடிச்சு முடிச்சதும் கழுவிட்டு அதுல அவங்க வாங்கிக் குடிச்சாங்க. உள்ள ஷெல்ஃப் நெறைய டம்ளர் அடுக்கியிருந்துச்சு, அத்தனையும் அம்மா தேய்ச்சு அடுக்கினது.

அம்மா விரலிடுக்குல சேத்துப்புண் ஆறினதே இல்ல. நைட் தேங்கா எண்ணெயும் மஞ்சளும் கொழப்பிப் போட்டுக்குவாங்க, காலைல போய் மறுபடியும் சோப்புத் தண்ணில கையை விடுவாங்க. இப்ப வேலையை விட்டு அஞ்சு வருஷம் ஆகுது, தோல் இன்னும் அந்த எடத்துல வெள்ளையாத்தான் இருக்கு.

என் கதையும் கொஞ்சம் சொல்லிடறேன், 2014ல பி.காம் முடிச்சுட்டு ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். கண்ணகி நகர்ல எங்க பிளாக் மொட்டை மாடில நின்னா அந்தக் கண்ணாடி பில்டிங் தெரியும், நடந்தா இருவது நிமிஷம். எழுத்துத் தேர்வு பாஸ், ரெண்டு ரவுண்டு பாஸ், கடைசில ஹெச்ஆர் மேடம் அட்ரஸைப் பாத்துட்டு "கண்ணகி நகரா? அங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. குரல்ல கெட்ட எண்ணம்கூட இல்ல, நெஜமாவே ஆச்சரியம். சொல்லி அனுப்பறோம்னாங்க, சொல்லி அனுப்பல. எங்க பிளாக் அண்ணன் ஒருத்தர்தான் அப்புறம் விஷயத்தைச் சொன்னார், "பாப்பா, கண்ணகி நகர்னு எழுதாத, துரைப்பாக்கம்னு மட்டும் எழுது, எல்லாரும் அப்படித்தான் எழுதறோம்"னு. அடுத்த கம்பெனில துரைப்பாக்கம்னு எழுதினேன், வேலை கெடைச்சுது. அதே கம்பெனில ஹவுஸ்கீப்பிங்ல பாத்ரூம் கழுவறவங்கள்ல எங்க பிளாக் அக்காங்க மூணு பேர். பாத்ரூம்ல பாத்தா சிரிச்சுப் பேசுவோம், வெளிய ஃப்ளோர்ல வந்தா அவங்களே என்னைத் தெரியாத மாதிரி தலையைக் குனிஞ்சுக்குவாங்க. எனக்கு எடஞ்சல் வந்துடக் கூடாதுன்னு அவங்களுக்கு அக்கறை. அந்தக் குனிஞ்ச தலை எனக்கு இன்னும் தொண்டைல நிக்குது.

எங்களை ஊரை விட்டு ஒதுக்கினாங்க, ஆனா எங்க கையை மட்டும் ஒதுக்க முடியல. காலைல ஆறு மணிக்கு அந்தக் கை உள்ள வந்தாகணும், பாத்திரம் தேய்க்கணும், கொழந்தையைத் தூக்கணும், கேட்டைத் தொறக்கணும், குப்பையை அள்ளணும். ராத்திரி ஆனா அது கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போயிடணும். 20 கிலோமீட்டர் தள்ளி வச்சுட்டு ஏன் லேட்டுன்னு கேக்கறது, பஸ் ஓடாத நாள்ல ஷேர் ஆட்டோவுக்கு அவங்களே கைக்காசு போட்டு வந்தா அதைக் கண்டுக்காம இருக்கறது, அப்புறம் 500 ரூவா கேட்டா திமிர்னு சொல்றது. 2018 ஜனவரில பஸ் டிக்கெட் ஏறினப்ப அம்மா சம்பளத்துல ஒரு வீட்டுக் காசு முழுசா பஸ்ஸுக்கே போச்சு. 2021ல பொம்பளைங்களுக்கு ஒயிட் போர்டு பஸ்ல இலவசம்னு வந்தப்ப அம்மா வேலையை விட்டு ஒரு வருஷம் ஆயிருந்துச்சு. டிவில அந்தச் செய்தி ஓடறப்ப "இது மட்டும் அப்பவே வந்திருந்தா உன் தங்கச்சியை டிகிரி படிக்க வச்சிருப்பேன்"னாங்க. இதே குரூப்ல ஓசி பஸ்னு கிண்டல் பண்ணி மீம் போட்டவங்களும் இருக்காங்க. அவங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்க அந்த பஸ்லதான் வர்றாங்க, அந்த டிக்கெட் காசை இந்த மீம் போட்டவங்க குடுக்க வேண்டியதில்லாமப் போனதும் அந்த பஸ்ஸாலதான்.

2022-23ல இந்தியாவோட மொத்தச் சொத்துல 40 சதவீதம், பணக்காரங்கள்ல உச்சில இருக்கற 1 சதவீதம் பேர்கிட்ட இருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருக்காங்க, நெறைய பேர் படிச்சிருப்பீங்க. அதைப் படிச்சா அம்பானி அதானின்னு யாரையோ நெனைச்சுக்கறோம், நம்மளை நெனைக்கறதில்ல. எங்க அப்பார்ட்மென்ட்ல யாரும் கோடீஸ்வரங்க இல்ல, எல்லாருக்கும் ஈஎம்ஐ இருக்கு, எனக்கும் இருக்கு, மாசக் கடைசில எல்லாருக்கும் இறுக்கம்தான். ஆனா எக்செல் ஷீட் போட்டு அடுத்தவங்க கூலியை நாமளே முடிவு பண்ற எடத்துல நாம ஒக்காந்திருக்கோம். நாம பண்ணினா அதுக்குப் பேர் அசோசியேஷன், அவங்க கேட் பக்கத்துல நின்னு பத்து நிமிஷம் பேசிக்கிட்டா யூனியன். கேட்ல ஒரு ஆப் வச்சிருக்கோம், வேலைக்கு வர்றவங்க எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்க, எந்தெந்த வீட்டுக்குப் போறாங்க எல்லாம் அதுல வரும், அவங்களுக்கு ஸ்டார் கூடப் போடலாம். எங்க வீட்டுக்கு வர்ற அக்காவுக்கு 4.1 ஸ்டார். தனக்கு ஸ்டார் இருக்குங்கறதே அவங்களுக்குத் தெரியாது. அவங்க நமக்கு ஸ்டார் போட ஒரு ஆப் இருந்தா எப்படி இருக்கும்னு நான் பல தடவை நெனைச்சிருக்கேன்.

ஆமா, எங்க வீட்டுக்கும் ஒரு அக்கா வர்றாங்க. பையன் பொறந்ததுக்கு அப்புறம், அம்மாவுக்கு முட்டி போனதுக்கு அப்புறம். வேணாம், நம்ம பாத்திரத்தை நாமளே தேய்ச்சுக்கலாம்னு அம்மா ஆறு மாசம் சண்டை போட்டாங்க. அக்கா பெரும்பாக்கத்துல இருந்து வர்றாங்க, 2017ல அடையாத்துக் கரைல இருந்து போனவங்க, நாங்க இருந்த எடத்துல இருந்து ரெண்டு தெரு தள்ளிதான் அவங்க வீடு இருந்திருக்கு, எங்க ஆயாவைத் தெரியும்னாங்க. எட்டாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர் ஆனா அவ்ளோதான். அவங்க வர்றதுக்கு முன்னாடியே எழுந்து அம்மா பாதிப் பாத்திரத்தைத் தேய்ச்சு வச்சுடுவாங்க, ஏம்மா காசு குடுத்துட்டு நீ ஏன் செய்யறேன்னா, "அவ இதுக்கு அப்புறம் இன்னும் மூணு வீடு போகணும்டி, இது மொத வீடு"ம்பாங்க.

குரூப்ல போட்டேன். ராத்திரி பதினொண்ணு மணி இருக்கும், நாலு தடவை டைப் பண்ணி அழிச்சுட்டு கடைசில இப்படிப் போட்டேன்: "எங்க அம்மா 28 வருஷம் வீட்டு வேலை செஞ்சாங்க, அதுலதான் நான் படிச்சேன். இப்ப கேக்கற 500 ரூவா ஒரு நாளைக்கு 17 ரூவாகூட ஆகல. எங்க வீட்ல இந்த மாசத்துல இருந்து குடுக்கறோம், மாசம் நாலு நாள் சம்பளத்தோட லீவும் குடுக்கறோம். எக்செல்ல எங்க வீட்டைச் சேக்க வேணாம்." போட்டுட்டு கை நடுங்கிச்சு. மெசேஜ் இன்ஃபோல படிச்சவங்க லிஸ்ட் கூடிக்கிட்டே இருந்துச்சு, பத்து, இருவது, நாப்பது பேர் பாத்தாங்க, ஒருத்தரும் பதில் போடல. பத்து நிமிஷம் கழிச்சு யாரோ கார் பார்க்கிங் பத்தி மெசேஜ் போட்டாங்க, எல்லாரும் அதுல பேச ஆரம்பிச்சுட்டாங்க. அஞ்சாவது மாடி மேடம் மட்டும் தனியா மெசேஜ் அனுப்பினாங்க, நாங்களும் குடுக்கறோம், குரூப்ல சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்கன்னு. இன்னொருத்தர் என்னை பிளாக் பண்ணிட்டார், அது டிபி மறைஞ்சதுல தெரிஞ்சுது. எக்செல் ஷீட் இன்னும் குரூப் மேல பின் பண்ணித்தான் இருக்கு. இது வரைக்கும் ஏத்திக் குடுத்தது மொத்தம் பதினோரு வீடுன்னு அக்கா கணக்கு சொன்னாங்க. ரெண்டு அக்காவை நிறுத்திட்டாங்க, பேசி வச்சு கேட்டது அவங்கதான்னு. அதுல ஒருத்தங்க பொண்ணு இப்ப பத்தாவது.

இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு அக்கா வந்தாங்க, பெரும்பாக்கத்துல ராத்திரி மழை, பொடவைக் கொசுவம் முட்டி வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. அம்மா தன்னோட நைட்டி ஒண்ணைக் குடுத்து மாத்திக்கச் சொல்லிட்டு ரெண்டு டம்ளர்ல காபி கலந்தாங்க, ரெண்டு பேரும் சமையல்கட்டுத் தரையிலயே ஒக்காந்துட்டாங்க. நான் ஆபீஸுக்குக் கெளம்பிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். உங்க பக்கமும் அஞ்சு மணி பஸ் வருதான்னு அம்மா கேட்டாங்க. வருதுக்கா, ஆனா எங்க ஸ்டாப்புக்கு வர்றப்பவே புட்போர்டுன்னாங்க அக்கா. முன்னாடி ஸ்டாப்புக்கு நடந்து போய் ஏறிப் பாரு, கொஞ்சம் எடம் கெடைக்கும், நான் அப்படித்தான் ஏறுவேன்னாங்க அம்மா. நடந்தா கால் மணி நேரம் முன்னாடி எழுந்திரிக்கணுமேக்கான்னு அக்கா சொல்ல, ஆமா எழுந்திரிக்கணும்னு அம்மா சொல்லிட்டு, அவங்க டம்ளர்ல இன்னும் கொஞ்சம் காபி ஊத்தினாங்க.